விருந்தும் இசையும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். செய்யுளின் வனப்புக்களை வகுத்துரைக்கும் தொல்காப்பியம், விருந்து என ஒன்றைச் சொல்லுமிடத்துப் புதியதாக யாக்கப்படுவதையே குறிக்கிறது. வீட்டுக்குப் புதியராய் வருவோரும் விருந்து. அவர்பொருட்டு ஆக்கப்படும் உணவும் விருந்து. ஒருவர் வந்து அமர்வதனால் வீடு புதுமை பெறுகிறது என்னும் கருத்து அச்சொல்லினுள் அடங்கியிருக்கிறது. ஆதலால், விருந்தொன்றில் முதன்மையானவர் வருபவரே. உணவும் விளக்கும் தோரணமும் இசையும் அவருக்குப் பின்னரே இடம்பெறுவன.

இலங்கையில் மார்கழி மாதத்தின் பிற்பகுதி தொடங்கித் தைப்பொங்கல் வரையிலான மூன்று வாரங்கள் விருந்துக்குரிய காலம். பாடசாலைகளுக்கு விடுமுறை, நத்தார், ஆங்கிலப் புத்தாண்டு, அதனையடுத்துப் பொங்கல். கொழும்பில் தொழில் செய்வோர் ஊர் திரும்புகின்றனர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர் பிள்ளைகளுடன் வந்து இறங்குகின்றனர். அலுவலகங்களில் ஆண்டிறுதி ஒன்றுகூடல், பாடசாலைகளில் ஒளிவிழா, வீடுகளில் குடும்ப விருந்து எனக் கூட்டங்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. இவற்றுக்கு எத்தனை கொத்து அரிசி போடவேண்டும், மரக்கறி எது, பலகாரம் எது என்று வீட்டார் இரண்டு வாரம் முன்னரே கூடிப் பேசுகின்றனர். மரக்கறி மட்டும் உண்பவர் யார், உறைப்பு ஆகாதவர் யார் என்பதும் கணக்கில் வருகிறது. ஆனால் இசையைப் பற்றி அவ்வாறு பேசுவார் அரியர். விருந்துக்கு முதல்நாள் மாலையில், "பாட்டுக்கு என்ன ஒழுங்கு?" என்று ஒருவர் கேட்க, "அதற்கென்ன, ஒலிபெருக்கிக்காரருக்குச் சொன்னால் சரி" என்று மற்றொருவர் கூற, அவ்வளவில் அப்பேச்சு முடிந்துவிடுகிறது.

அவ்வாறு முடிந்த பேச்சின் விளைவை ஒரு வீட்டில் வைத்து நோக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேலியும் படலையும் அகன்ற முற்றமும் உடைய வளவு அது. அவ்வீட்டு ஆச்சிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. பிள்ளைகள் மூவரும் மூன்று நாடுகளில் இருக்கின்றனர். ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு மார்கழி விடுமுறையில் மூவரும் ஒருங்கே வந்தார்கள். பேரப்பிள்ளைகள் எண்மர், அவர்களுள் இருவரை ஆச்சி அதற்கு முன்னர் கண்டதே இல்லை. மகன்மார் தாயைப் பெருமைப்படுத்த விரும்பினர். ஊரார் நூறுபேரை அழைத்தனர். ஆளுயரப் பெட்டிகள் இரண்டு முற்றத்தில் வந்து நின்றன. மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய பாட்டு இரவு பத்து மணிவரை ஓயவில்லை. வந்தவர்கள் ஒருவர் காதில் ஒருவர் வாய்வைத்துக் கத்தினர். பின்னர் கத்துவதையும் விட்டுச் சிரித்துத் தலையசைத்தனர். பின்னர் உண்டு எழுந்து சென்றனர். ஆச்சி தலைவாசலில் கதிரையில் இருந்தார். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து முன்னே நின்று ஏதோ கூறினார்கள். ஆச்சி அவர்களின் கன்னத்தைத் தடவினார்.

மறுநாட் காலையில் மூத்த மகன், "அம்மா, நேற்று எல்லாம் சிறப்பாய் நடந்ததுதானே?" என்று கேட்டார். ஆச்சி சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "எல்லாரும் வந்தவை தம்பி. ஆரோடையும் கதைக்கத்தான் கிடைக்கேல்லை" என்றார். இரண்டு நாளில் அவர்கள் விமானம் ஏறிவிட்டனர்.

மகன்மார் செய்தது அன்புக் குறைவால் அன்று; பணத்தைப் பேணியதாலும் அன்று. விருந்தில் இசையின் இடம் யாது என்பதை அவர்கள் எண்ணிப் பாராததே காரணம். இசை விருந்தினருக்காக அமைய வேண்டியது. அங்கோ விருந்தினர் இசைக்காக அமர்த்தப்பட்டவர் போலாயினர். இத்தகைய இழப்பு நேராதிருக்க, இசையைத் தெரிந்தெடுப்பவர் மூன்று வினாக்களுக்கு விடை கண்டால் போதும். கேட்பவர் யாவர்? கேட்கும் இடம் எது? கேட்கும் வேளை எது?

முதலாவது, கேட்பவர். விருந்துக்கு வருவோர் பட்டியலைச் சமையலுக்காக எழுதும்போதே இசைக்காகவும் ஒருமுறை வாசித்தல் நன்று. முதியோர் பலர் வருவாராயின் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். முதுமையிற் செவிப்புலன் குறையும்போது உயர்ந்த சுருதியில் அமைந்த ஒலிகளே முதலில் மங்குகின்றன. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பல அவ்வகையின. ஆகவே, ஒருவர் பேசுவது முதியவருக்குக் கேட்கும். என்ன பேசுகிறார் என்பது விளங்காது. பின்னால் வேறு ஓசை இருக்குமாயின் அத்துன்பம் பன்மடங்காகும். இளைஞரின் செவி, பாட்டையும் பேச்சையும் வேறு பிரித்துக்கொள்ளும். முதியோர் செவிக்கு அது இயலாது. ஒலிபெருக்கிக்கு அருகில் முதியோரை இருத்துவது அவர்களைக் கூட்டத்தின் நடுவே தனிமைப்படுத்துவதாகும்.

பிறநாட்டில் வளரும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்குத் தமிழ்ப் பேச்சு தயங்கித் தயங்கியே வரும். எனினும் மீண்டும் மீண்டும் வரும் ஓரடியைக் கைதட்டிப் பாடுவதற்கு மொழிப்புலமை வேண்டியதில்லை. பேசக் கூசும் பிள்ளை பாடக் கூசுவதில்லை. ஆதலால் பிள்ளைகள் வரும் விருந்தில், கேட்டு வியப்பதற்குரிய பாட்டைக் காட்டிலும் கூடிப் பாடுவதற்குரிய பாட்டே மேலானது.

அலுவலக ஒன்றுகூடலில் இவ்வினா மேலும் விரிகிறது. கொழும்பிலோ திருகோணமலையிலோ ஓர் அலுவலகத்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகிய பலரும் ஒரே மேசையில் இருப்பர். ஒரு மொழிப் பாட்டே மாலை முழுவதும் ஒலிக்குமாயின் மற்றவர் அழைக்கப்பட்ட அந்நியராவர். நாட்காட்டியையும் பார்க்கவேண்டும். மார்கழியில் வரும் உந்துவப் பௌர்ணமி தினம் பௌத்தர்க்குப் புனிதநாள். நத்தாருக்கு மறுநாளாகிய டிசம்பர் 26 ஆம் திகதியோ, வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் கரையோர ஊர்களுக்கு ஆறாத் துயர்நாள். 2004 ஆம் ஆண்டில் அந்நாளிலே கடல் பொங்கி இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் இன்றும் அன்று விளக்கேற்றுகின்றனர். அத்தகைய ஊரில் அந்த நாளில் ஆடற்பாட்டு வைப்பவர், அயல்வீட்டாரின் புண்ணை அறியாமலே தொட்டவராவார். அயலில் மரணம் நிகழ்ந்தால் மேளத்தை நிறுத்துவது கிராமத்தின் நல்வழக்கம். அவ்வழக்கத்தின் அடிப்படை, இசை வேலியோடு நின்றுவிடுவதில்லை என்னும் உண்மையே.

இரண்டாவது, இடம். ஒவ்வொரு வாத்தியமும் ஓரிடத்துக்கென்றே பிறந்தது. நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதிக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் உரியன. தவில் மேதை தெட்சணாமூர்த்தி, 1933 தொடக்கம் 1975 வரை வாழ்ந்தவர், யாழ்ப்பாணத்தின் பெயரைத் தமிழகத்திலும் ஒலிக்கச் செய்தார். நாதஸ்வரத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதன் அவ்வாறே புகழ்பெற்றார். இத்தகைய கலையை அடைத்த மண்டபத்தினுள், நாற்பது பேருக்கு முன்னால், போதாக்குறைக்கு ஒலிவாங்கியையும் வைத்துக் கேட்பிப்பது கலைக்கும் நீதியன்று; செவிக்கும் நீதியன்று. அதே மேளத்தைப் படலையருகே பந்தலில் இருத்தி, விருந்தினர் வந்து சேரும் அந்த அரைமணி நேரம் வாசிக்கச் செய்தால், தெருமுனையில் வரும்போதே விருந்தினரின் நடையில் ஓர் எழுச்சி தோன்றும். வாத்தியத்துக்கும் அதன் இடம் கிடைக்கும்.

வீட்டின் உள்ளே வீணை, புல்லாங்குழல், வயலின் ஆகியன பொருந்துவன. இவை கேட்போரை அருகே அழைக்கும் வாத்தியங்கள். அருகே அமர்ந்தோருக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. தேவைப்படினும் பெரிய பெட்டி ஒன்றை ஒரு மூலையில் வைத்து முடுக்குவதிலும், சிறிய பெட்டிகள் சிலவற்றைக் கேட்போர் அருகிலேயே வைத்து மெல்ல இசைப்பது சிறந்தது. திறந்த வெளியில் ஒலிக்கும் இடத்திலிருந்து தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியளவு ஏறக்குறைய 6 டெசிபெல் குறைகிறது. பின்வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று மூலைப் பெட்டியை உயர்த்தினால் முன்வரிசைதான் துன்புறும்.

டெசிபெல் என்பது ஒலியை அளக்கும் அலகு. இருவர் அமர்ந்து இயல்பாகப் பேசும் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபெல். தொழிற்சாலைகளிற் செவியைக் காப்பதற்கெனப் பரிந்துரைக்கப்பட்ட எல்லை 85 டெசிபெல் அளவில் நாளொன்றுக்கு 8 மணி நேரம். ஒலி 3 டெசிபெல் உயருந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையவேண்டும். அக்கணக்கின்படி 100 டெசிபெல் ஒலியின் முன் 15 நிமிடமே இருக்கலாம். ஆடற்பாட்டுக்கென முடுக்கிவிட்ட பெரிய பெட்டியின் அருகில் ஒலி இவ்வளவை எளிதில் எட்டிவிடும். அங்கே தாயின் மடியிற் கிடக்கும் குழந்தைக்கு எழுந்து செல்ல வழியில்லை. சட்டமும் இதனைக் கருத்திற் கொண்டுள்ளது. ஒலிபெருக்கிக்குப் பொலிசாரின் அனுமதி பெறவேண்டும். இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை அதற்கு அனுமதி வழங்குவதை 2007 ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம் தன் தீர்ப்பொன்றினாற் கட்டுப்படுத்தியது. சட்டத்துக்கு அஞ்சி நிறுத்துவதிலும், அயல்வீட்டில் நோயாளி உறங்கவேண்டும் என்று எண்ணி நிறுத்துவதே பண்பாடு.

மூன்றாவது, வேளை. ஒரு மாலை முழுவதும் ஒரே தன்மையான இசை ஒலித்தால் அது எத்துணை நல்லதாயினும் சலிக்கும். கருநாடக இசைக் கச்சேரிக்கு இன்றுள்ள ஒழுங்கை வகுத்தவர்களுள் முதல்வராகக் கருதப்படும் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் இதனை நன்கு உணர்ந்தவர். விறுவிறுப்பான வர்ணத்துடன் தொடங்கி, கீர்த்தனைகளால் வளர்ந்து, இராகம் தானம் பல்லவியில் உச்சம் எய்தி, பின்னர் இலேசான உருப்படிகளால் மனத்தை நெகிழ்த்தி, மங்களத்தில் முடிகிறது அவ்வொழுங்கு. விருந்து மாலைக்கும் இத்தகைய ஓட்டம் வேண்டும்.

விருந்தினர் வரும்வேளை வரவேற்கும் இசைக்குரியது. அது யாரும் நின்று கேட்கவேண்டாதது. பேச்சுக்கு அடியில் ஓடும் நீர்போல இருப்பது. அடுத்தது உணவு வேளை. இலை போட்டபின் பாட்டு வேண்டியதில்லை. பரிமாறுபவரின் "இன்னும் கொஞ்சம்" என்னும் சொல்லும், உண்பவரின் "போதும், போதும்" என்னும் மறுப்பும் அவ்வேளைக்குரிய இசை. நெடுநாட் பிரிந்தவர் மனந்திறந்து பேசுவதும் பந்தியிலேதான். அந்த மௌனத்தை இசைக்கு நடுவே வந்த குறையாக எண்ணலாகாது. அதுவும் தெரிந்தெடுக்கப்பட்ட ஒன்றாக இருக்கவேண்டும். உணவு முடிந்து கைகழுவி வெற்றிலைத் தட்டம் சுற்றிவரும் வேளையே, யாவரும் ஒருமுகமாக இருந்து கேட்பதற்கும் பாடுவதற்கும் ஆடுவதற்கும் ஏற்றது.

அவ்வேளைக்குப் பொருந்துவன யாவை? பலதிறத்தாரும் பலவயதினரும் கூடிய இடத்தில் வில்லிசை மிகப் பொருந்தும். கதையும் நகையும் பாட்டும் அதிற் கலந்துள்ளன. பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடும்போது சிறுவரும் சேர்ந்துகொள்கின்றனர். யாழ்ப்பாணத்தில் சின்னமணி அவர்கள் இக்கலையாற் பெற்ற செல்வாக்கு யாவரும் அறிந்தது. சங்கீதம் அறிந்தவர் பலர் கூடும் வீடாயின் ஒருமணி நேரப் பாட்டுக் கச்சேரி வைக்கலாம். ஆனால், கேட்கும் பழக்கமில்லாத கூட்டத்தின் முன் பெருமைக்காக ஒரு வித்துவானை இருத்தி, அவர் ஆலாபனை செய்யும்போது பின்வரிசையிற் சோடாப் போத்தல் திறப்பது அவரை அவமதிப்பதாகும்.

இளைஞர் பைலாவை விரும்புவர். அதனை இகழ்வது அறியாமை. நத்தார் என்னும் சொல் போலவே பைலா என்னும் சொல்லும் போர்த்துக்கேயம் தந்தது. ஆடுதல் என்பது அதன் பொருள். 1505 ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயர் ஆட்சி நீங்கி மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் வயலினும் கிற்றாரும் மண்டலினும் கொண்டு அவ்வாடலிசையைப் பேணி வந்தனர். காபிரிஞ்ஞா என்னும் ஆடல்வகையோடு அதற்கு நெருங்கிய உறவுண்டு. பொலிஸ் சேவையில் இருந்த வாலி பஸ்தியான் அதனைச் சிங்கள மக்களிடையே பரப்பினார். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் அத்துள்ளலை ஏற்றுத் தமிழிற் பொப் பாடல்கள் பாடினர். பறங்கியரும் சிங்களவரும் தமிழரும் ஒரே தாளத்துக்குக் கைதட்டக்கூடிய இசை இந்நாட்டில் வேறு அதிகம் இல்லை. ஆகவே பல இனத்தார் கூடும் ஒன்றுகூடலின் இறுதி அரைமணிக்குப் பைலா தகுதியானதே. ஆயின், பாட்டின் சொற்களை முன்னரே அறிந்துகொள்ளவேண்டும். மதுவைப் புகழ்வதும் பெண்ணை எள்ளுவதும் அத்தகைய பாட்டுக்களிற் சிலவற்றில் உண்டு. கூட்டத்தில் ஒருவர் முகம் சுருங்கினாலும் மற்றவரின் மகிழ்ச்சி நிறைவுடையதாகாது.

ஒளிவிழாவுக்குக் கரோல் கீதம் உயிர். அதற்கும் பெருஞ்செலவு வேண்டும் என்று எண்ணி, வாத்தியக் குழுவுக்கும் மின்னொளிக்கும் பணம் திரட்ட இயலாமல் விழாவையே கைவிடுகின்ற இடங்கள் உண்டு. உலகெங்கும் பாடப்படும் "சைலண்ட் நைட்" என்னும் நத்தார் கீதம் முதன்முதலிற் பாடப்பட்ட வரலாற்றை அவ்விடங்களில் நினைத்துக்கொள்ளலாம். 1818 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் நாள், ஒஸ்ரியா நாட்டில் சால்ஸ்பேர்க் நகருக்கு அண்மையில் உள்ள ஓபர்ண்டோர்வ் என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில் அது பாடப்பட்டது. பாடலை இயற்றியவர் உதவிக் குருவாகிய யோசப் மோர். மெட்டமைத்தவர் பிரான்ஸ் குரூபர் என்னும் பள்ளி ஆசிரியர். இருவர் குரலும் ஒரு கிற்றாருமே அன்று அதற்குத் துணை; அவ்வூர்ப் பாடகர் குழு உடன் பாடியது. இருநூறு ஆண்டுகளைக் கடந்து உலகைச் சுற்றிய பாட்டுக்கு அவ்வளவே மூலதனம். இருபது பிள்ளைகளும் ஓர் ஆர்மோனியமும் உள்ள எந்தப் பாடசாலையிலும் ஒளிவிழா நிகழலாம்.

இனி, இசைப்போரைப் பற்றியும் ஒரு சொல். மார்கழியில் எம்மவர் திருமணம் செய்வதில்லை. ஆகவே மேளக்காரருக்கு அது வருவாய் குறைந்த மாதம். அவ்வேளை ஒரு வீட்டு விருந்துக்கு அழைப்பது அக்குடும்பத்துக்கு உண்மையான உதவியாகும். ஆனால் அழைக்கும் முறை ஒன்றுண்டு. ஊதியத்தை முன்னரே தெளிவாகப் பேசி முற்பணம் கொடுத்தல், வந்துபோகும் செலவை ஏற்றல், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பது என்று சொல்லிவைத்தல் ஆகியன அம்முறையின் பகுதிகள். எல்லாவற்றிலும் முக்கியமானது உணவு. விருந்தினர் யாவரும் உண்டு முடித்தபின், வாசித்துக் களைத்தவருக்குப் பின்கட்டில் மிச்சத்தைப் பரிமாறும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. விருந்தினர் செவிக்கு விருந்து வைத்தவரை வேறு பந்தியில் இருத்தும் வீடு, விருந்தின் பொருளை அறியாத வீடு. அவரும் அதே பந்தியில் அதே இலையில் உண்ணவேண்டும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை இங்கு நினைவுகூரத்தக்கது. மாதவி ஆடும் அரங்கிலே குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், தண்ணுமையைத் தொடர்ந்து முழவும் இசைத்தன என்று இளங்கோவடிகள் முறைப்படுத்துகிறார். ஒவ்வொன்றும் தனக்கு முன்னதைக் கேட்டே ஒலித்தது. ஒன்றையொன்று அமுக்கி ஒலித்ததாக அங்கே இல்லை. நல்ல இசையின் இலக்கணமும் நல்ல விருந்தின் இலக்கணமும் இவ்வாறு ஒன்றாகவே இருக்கின்றன. ஒருவர் மற்றவரைக் கேட்கவேண்டும்.

பதிவு செய்த இசையை முற்றாக ஒதுக்கவேண்டும் என்பதன்று. 1924 ஆம் ஆண்டில் எட்வேட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர் கொழும்புத் தந்தி அலுவலகச் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பியதும், 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி தொடங்கியதும் இந்நாட்டு வரலாறு. அன்று தொட்டு வானொலி எத்தனையோ வீடுகளுக்கு நல்லிசையைக் கொண்டு சென்றது. ஆனால் பழைய கிராமபோன் தட்டு ஒருபக்கம் மூன்று நிமிடமளவே ஒலித்தது. அது முடிந்ததும் ஒருவர் எழுந்து தட்டை மாற்றவேண்டும். அவ்விடைவெளியில் வீட்டார் பேசினர். கேட்ட பாட்டைத் தாமே முணுமுணுத்துப் பார்த்தனர். இன்றைய கைத்தொலைபேசியோ நாள் முழுவதும் ஓயாது பாடும். அடுத்த பாட்டைத் தெரிவதும் அதுவே. வீட்டில் ஒருவரும் தெரிந்தெடுக்காத இசை வீட்டை நிறைக்கிறது. வீட்டாரின் குரல் ஓய்கிறது. ஆச்சியின் நெஞ்சில் இருக்கும் தாலாட்டும், சித்திரைப் புத்தாண்டில் ஊஞ்சலாடிப் பாடிய பாட்டும், தேவாரப் பண்ணும் கேட்பாரின்றி அவரோடு போய்விடுகின்றன. பணம் கொடுத்து வாங்கமுடியாத இசை அதுவே; வீட்டுக்குள் இருந்தும் அதனைத் தேடுவாரில்லை.

முன்னர்க் கூறிய அந்த வீட்டின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து மக்கள் மூவரும் மீண்டும் வந்தனர். இம்முறை ஊரார் முப்பதுபேர் மட்டுமே அழைக்கப்பட்டனர். ஊர் மேளகாரர் இருவர் படலையருகில் இருந்து அரைமணி நேரம் வாசித்தனர்; பின்னர் அவர்களும் பந்தியில் அமர்ந்தனர். உணவு வேளையில் ஒன்றும் ஒலிக்கவில்லை. உணவின்பின் மருமகள் ஒருத்தி வயலின் வாசித்தாள். அயல்வீட்டுக் கிறிஸ்தவப் பிள்ளைகள் இரண்டு கரோல் பாடினர். இளைஞர் கிற்றாரும் கைதட்டுமாகச் சிறிது நேரம் ஆடினர். ஒன்பது மணியளவில் யாரோ சொல்ல, ஆச்சி தம் குழந்தைகளுக்குப் பாடிய தாலாட்டை நடுங்கிய குரலிற் பாடினார். முற்றம் முழுவதும் அடங்கிக் கேட்டது. ரொறன்ரோவிலிருந்து வந்த பத்துவயதுப் பேத்தி அருகே வந்து அமர்ந்து, ஓரடியைத் திரும்பச் சொல்லித் தரும்படி கேட்டாள். ஆச்சி சொல்லிக் கொடுத்தார். அவள் பிழையாகச் சொன்னாள். ஆச்சி சிரித்து மீண்டும் சொன்னார்.

அதற்கடுத்த மார்கழியில் ஆச்சி இல்லை. அவ்வடி அப்பேத்தியிடம் இருக்கிறது.

ஆகவே வரும் விடுமுறையில் விருந்துவைக்க எண்ணும் நேயர்கள், அரிசிக் கணக்கை எழுதும் தாளின் மறுபக்கத்தில் இசைக்கணக்கையும் எழுதிப் பார்ப்பார்களாக. வருவோர் யாவர், இடம் எது, வேளை எது என்னும் மூன்றும் அதில் இருக்கட்டும். அவற்றுக்குக் கீழே, வீட்டில் யாருக்குப் பாடத் தெரியும் என்பதும் ஒரு வரியாக இருக்கட்டும். நெடுநாளாக அவரைப் பாடும்படி எவரும் கேட்டிருக்கமாட்டார்.